நிழல் தராத நெடுமரம்

சாம்பியாவின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவை நடந்துதான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. வண்டியில் போகிறவர்கள் சிறுத்தையைத் தேடுவார்கள். மரம் கண்ணில் படாது. காட்டுநடையை அங்கே தொடங்கிவைத்த முன்னோடி நார்மன் கார். இன்றும் துப்பாக்கியோடு வனக்காவலர் முன்னே போக, ஒற்றை வரிசையில் வாய் திறக்காமல் பின்தொடர வேண்டும்.

மொபானே காட்டுக்குள் நுழைந்ததும் தலை தானாக அண்ணாந்தது. கிட்டத்தட்ட 20 மீட்டர் உயரத்துக்கு நெடுநெடுவென்ற அடிமரங்கள். ‘கதீட்ரல் மொபானே’ என்கிறார்கள், தகும். மண் இறுகி வேர் இறங்காத இடத்தில் இதே மரம் ஆள் உயரப் புதராகவே நின்றுவிடும். யானை ஒடித்துத் தின்ற இடத்திலும் அதே கதைதான்: ஒடிந்த கட்டை துளிர்க்கும், தளிர் தேடி யானை மறுபடி வரும்.

மந்தாரை இலையை அடிவரை பிளந்தால் மொபானே இலை. கசக்கினால் டர்பன்டைன் வாடை. வெயில் ஏற ஏற இரு பாதிகளும் நெருங்கி, சூரியனுக்கு விளிம்பை மட்டும் காட்டுகின்றன. நீர் வீணாகாமலிருக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது. இவ்வளவு பெரிய மரத்தடியில் நின்றும் எனக்கு மண்டை காய்ந்தது. மரத்தடி என்றாலே நிழல் என்று வளர்ந்தவனுக்கு இது ஏறக்குறைய அவமரியாதை!

தேநீருக்கு நின்றபோது ‘மொபானே ஈ’ மொய்த்தது. பெயர்தான் ஈ, உண்மையில் கொடுக்கில்லாத குட்டித் தேனீ. ஈரம் தேடிக் கண்ணிலும் மூக்கிலும் புகுந்தது. கொட்டாது என்பது தெரிந்தும் கை சும்மா இருக்கவில்லை. மரப்பொந்துகளில் அது சேர்க்கும் தேனைக் கிராமத்தார் எடுப்பதுண்டு. கறையான் எளிதில் அரிக்காத கட்டை என்பதால் வேலிக்கால், வீட்டுத்தூண், விறகு எல்லாவற்றுக்கும் மொபானேதான்.

ஆனால் இந்த மரத்தின் பெரிய விளைச்சல் புழு. இலையைத் தின்று விரல் நீளத்துக்குக் கொழுக்கும் ஒருவகை அந்துப்பூச்சிப் புழுவைப் பொறுக்கி, குடலைப் பிதுக்கி எடுத்து, உப்புநீரில் வேகவைத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். நல்ல புரதம், மாதக்கணக்கில் கெடாது. லுசாகா சந்தையில் கருவாடு போலக் குவித்து விற்றார்கள். தக்காளி, வெங்காயத்தோடு வதக்கி, ந்ஷிமா என்னும் மக்காச்சோளமாவுக் களியுடன் சாப்பிட்டேன். மொறுமொறுப்பு பிடித்தது; கடைசியில் நாவில் தங்கிய மண்வாடைதான் பிடிக்கவில்லை. பரிமாறிய அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இன்னொரு கரண்டி வைத்தார்.