முளைக்க விட்டு நிறுத்துகிறவர்கள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் கிடக்கும் ஐலா தீவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் விஸ்கி காய்ச்சும் செப்புக் கலன்களைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். 2005இல் ஒரு பண்ணையில் தொடங்கப்பட்ட கில்ஹோமன் ஆலையில் நான் பார்க்க விரும்பியது தரையை. பக்கத்து வயலில் விளைந்த பார்லி அந்தத் தரையில்தான் முளைவிட்டு மால்ட் ஆகிறது; மால்ட் என்றால் முளைக்கவைத்து உலர்த்திய தானியம்.

கதவைத் திறந்ததும் நறுக்கிய வெள்ளரிக்காய் வாசனை. ஒரு சாணுக்கும் குறைந்த உயரத்தில் ஈர பார்லியைப் பரப்பியிருந்தார்கள். கையை உள்ளே விட்டால் மேலே குளிர்ச்சி, அடியில் வெதுவெதுப்பு. முளைக்கிற தானியம் மூச்சு விடுகிறது, சூடாகிறது. சில மணி நேரம் அப்படியே விட்டால் சூடு ஏறும். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாயாகிவிடும். அதனால் இரவு பகல் பாராமல் கிளற வேண்டும். அகன்ற மரத் துடுப்பால் அள்ளி வீசிக்கொண்டே அவர்கள் பின்னால் நகர்வதைப் பார்த்தால் சுலபமாகத்தான் தெரிகிறது. இந்த வேலையை வருடக்கணக்கில் செய்த பழைய ஆட்களுக்கு ஒரு பக்கத் தோள் தொங்கிப்போகும்; அதற்கு ‘குரங்குத் தோள்’ என்று பெயர். அந்தப் பெயரிலேயே இப்போது ஒரு விஸ்கி விற்கிறது. நோவு யாருக்கோ, லேபிள் யாருக்கோ!

நம் வீடுகளில் கேழ்வரகை ஊறவைத்துத் துணியில் கட்டி முளைகட்டுவதும் இதே வேலைதான். இங்கே பார்லியைத் தொட்டியில் இரண்டு நாள் போல விட்டு விட்டு ஊறவைத்து, ஈரப்பதத்தை 12 சதவீதத்திலிருந்து 45 வரை ஏற்றுகிறார்கள். ஊறிய விதை நொதிகளைச் சுரக்கிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கப் பிறகு உதவப்போவது அந்த நொதிகளே. ஆனால் விதை அவற்றைச் சுரப்பது தனக்காக, செடியாவதற்காக. அப்படியே விட்டால் மாவைத் தானே தின்று தீர்த்துவிடும். முளைக்க வைப்பதைவிட நிறுத்துவதுதான் வித்தை.

எப்போது நிறுத்துவது? அங்கிருந்த தொழிலாளி ஒரு மணியை எடுத்து நகத்தால் உமியைப் பிளந்து காட்டினார். உள்ளே குருத்து மணியின் நீளத்தில் முக்கால் பங்கு ஏறியிருந்தது. பிறகு இன்னொன்றை விரலிடுக்கில் தேய்த்தார். வெள்ளை மாவாகப் பரவியது. நடுவில் மட்டும் ஒரு சின்னக் கட்டி தட்டுப்பட்டது. “நாளைக்குத்தான்” என்றார். சூளைக்குப் போனதும் முதலில் பீட் எனும் சதுப்புநிலக் கரியின் புகை, பிறகு வெப்பக்காற்று. ஈரம் ஐந்து சதவீதத்துக்கு இறங்குவதற்குள் முளை நின்றுவிடும். உதிர்ந்த வேர்கள் மாட்டுத் தீவனம்.

ஒரே ரகம், ஒரே பண்ணை என்றாலும் இரண்டு அறுவடைகள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஐலாவில் செப்டம்பர் என்றால் மழையும் சூறைக்காற்றும். நனைந்தபடி அறுத்ததை உடனே உலர்த்தியாக வேண்டும். அக்டோபரில் கிரீன்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கில் காட்டு வாத்துகள் வந்து இறங்கும். அதற்குள் அறுக்காதது வாத்துகளுக்கு. அறுத்த கையோடு ஊறவைக்கவும் முடியாது. விதை உறக்கம் கலைய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஆலையின் தேவையில் ஒரு பகுதிதான் இந்தத் தளத்திலிருந்து கிடைக்கிறது. மீதி, அதே தீவில் 1973 முதல் பெரிய உருளைகளில் மால்ட் செய்யும் போர்ட் எலன் ஆலையிலிருந்து வருகிறது. அந்த மால்ட்டில் புகைச்சத்து பத்து லட்சத்தில் 50 பங்கு. இங்கே சுமார் 20. மண்ணின் ருசி விஸ்கியில் தெரிகிறது என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன். புகை குறைந்தால் எந்த தானியத்தின் ருசியும் கொஞ்சம் மேலே வரத்தானே செய்யும்? உள்ளூர் பார்லிக்குச் செலவு அதிகம், டன்னுக்குக் கிடைக்கும் சாராயம் குறைவு என்பதில் மட்டும் சந்தேகமில்லை. பிறகு ஏன் இந்தப் பாடு என்று அந்தத் தொழிலாளியிடம் கேட்டேன். வெளியிலிருந்து வரும் மால்ட்டில் தனக்கு இறக்குகிற வேலை மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்துத் துடுப்பை எடுத்துக்கொண்டார்.