ஹாரி பாட்டரும் திண்டிவனத்துப் பெரியம்மாவும்

ஹாரி பாட்டர் முதல் புத்தகத்துக்கு இனிமே ஒரு விமர்சனம் எழுதி யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்லை. கதை எல்லாருக்கும் தெரியும். படிக்காதவங்க படமாவது பார்த்திருப்பீங்க. அதனால இது விமர்சனம் இல்லை.

என்கிட்ட அந்தப் புத்தகம் ரெண்டு பிரதி இருக்கு. ஒண்ணு இங்கிலீஷ். இன்னொண்ணு பி.எஸ்.வி.குமாரசாமி மொழிபெயர்ப்பில் மஞ்சுள் பதிப்பகம் போட்ட 'ஹாரி பாட்டரும் இரசவாதக் கல்லும்'. நான் இருக்கறது விழுப்புரம், அக்கா வீடு திண்டிவனம். நடுவுல சுமார் நாப்பது கிலோமீட்டர். இந்த ரெண்டு புத்தகமும் சில வருஷமா இந்த ரெண்டு ஊருக்கும் பஸ்ல போய் வந்துட்டிருக்கு. வாங்கிட்டுப் போறவங்களுக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான். திருப்பித் தரும்போது எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும். வெறுமனே "சூப்பர்"ன்னா செல்லாது. அப்படிச் சேர்ந்த கருத்துகள்தான் கீழே.

இந்தப் புத்தகம் வெளியே வந்ததே ஒரு வாசகர் கருத்தாலதான். பல பதிப்பகங்கள் வேண்டாம்னு திருப்பி அனுப்பின கையெழுத்துப் பிரதி அது. ப்ளூம்ஸ்பரி பதிப்பகத்தின் தலைவர் நைஜல் நியூட்டன் முதல் அத்தியாயத்தைத் தன்னோட எட்டு வயசுப் பொண்ணுகிட்ட கொடுத்தார். அவ படிச்சு முடிச்சதும் மிச்சம் எங்கேன்னு கேட்டிருக்கா. 1997 ஜூன் 26-ல் புத்தகம் வந்தது. கெட்டி அட்டையில் முதலில் அச்சடிச்சது வெறும் 500 பிரதி. பெரியவங்க சொன்னதை மட்டும் கேட்டிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

முதல் ஆள், விழுப்புரத்துல எங்க எதிர்வீட்டுப் பையன். ஆறாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். நாலே நாள்ல முடிச்சுட்டான். அவனுக்கு ஒரே ஒரு சந்தேகம். "அங்கிள், க்விடிச்ல அந்தத் தங்கப் பந்தைப் பிடிச்சா 150 பாயிண்ட். மத்தவங்க ஒரு கோல் போட்டா வெறும் 10. அப்ப மீதி ஆறு பேரு எதுக்கு?" கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பிள்ளை, நியாயமாத்தான் கேக்குது. அதோட விழுப்புரம் ஜங்ஷன்ல ஒன்பதே முக்கால் பிளாட்பாரத்துக்கு எந்தத் தூணுக்குள்ள போகணும்னு வேற கேட்டு வச்சான். (யாராவது ரயில்வேக்காரங்க இதைப் படிச்சா சொல்லுங்கப்பா.)

ரெண்டாவது, அவனோட அம்மா. பையன் என்ன படிக்கிறான்னு பார்க்க எடுத்தவங்க முழுசா படிச்சுட்டாங்க. "பதினோரு வயசுப் பிள்ளையை, ஆந்தை கொண்டு வந்த லெட்டரை நம்பி, யாருன்னே தெரியாத ஆள் கூட அனுப்பிடறதா? அதுவும் ஹாஸ்டலுக்கு!" மந்திரக்கோல், பறக்கற துடைப்பம், மூணு தலை நாய் எதுவும் அவங்களை உறுத்தலை. ஹாஸ்டல்தான் உறுத்துது. அந்தப் பையனுக்கும் அப்படித்தான். "எல்லாம் ஓகே, ஆனா ஹாஸ்டல் போறதுக்கு இவன் ஏன் இவ்ளோ சந்தோஷப்படறான்?" சொல்பேச்சு கேக்கலைன்னா ஹாஸ்டல்ல போட்டுடுவேன்னு மிரட்டியே வளர்க்கற ஊர் இது. வேற எப்படிக் கேப்பான்?

மூணாவது, திண்டிவனத்துல ரிட்டயரான தமிழய்யா ஒருத்தர். தமிழ்ப் பிரதி வாங்கிட்டுப் போனார். இரசவாதம், சாகா மருந்துன்னதும் அய்யா உற்சாகமாயிட்டார். "இதெல்லாம் நம்ம சித்தருங்க சங்கதியாச்சே தம்பி!" கதையில வர்ற நிக்கோலஸ் ஃப்ளமேல் நிஜமாவே பாரிஸ்ல வாழ்ந்த ஆள், 1418-ல் செத்துப்போனார், இரசவாதிங்கற பேர் பின்னாடி வந்த கட்டுக்கதைன்னு சொன்னேன். "பாத்தியா, அங்கயும் அப்படித்தான்"னு சந்தோஷப்பட்டார். ஆனா கடைசி அத்தியாயத்துல அவருக்குக் கோபம். வருஷம் பூரா சேர்த்த 472 புள்ளியோட ஸ்லிதரின் முதலிடத்துல இருக்கு. க்ரிஃபிண்டார் வெறும் 312. தலைமையாசிரியர் விருந்து நேரத்துல எழுந்து நின்னு 50, 50, 60, 10-ன்னு அள்ளிக் கொடுத்து 482 ஆக்கிடறார். "முப்பது வருஷம் வாத்தியாரா இருந்திருக்கேன். எந்த ஹெட்மாஸ்டரும் இப்படிப் பண்ணக்கூடாது. அந்தப் பக்கம் உக்காந்திருக்கற பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?" எனக்குத் தெரிஞ்சு இதுவரைக்கும் ஸ்லிதரின் பிள்ளைங்களுக்காகக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

நாலாவது கருத்துக்காகத்தான் இந்தப் பதிவே.

அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீடு. ஏழாம் வகுப்புப் பொண்ணு, தமிழ் மீடியம். அம்மா இல்லை. பெரியம்மா வளர்க்கறாங்க. பிளவுஸ் தைச்சு அதுல வர்ற வருமானம். தமிழ்ப் பிரதியை வாங்கிட்டுப் போய் ஒன்றரை மாசம் வச்சிருந்தா. திருப்பி வாங்கப் போனப்ப பெரியம்மா மெஷின்ல உக்காந்திருந்தாங்க. அவங்கதான் முதல்ல ஆரம்பிச்சாங்க.

"ஏன் தம்பி, அந்தக் கதையில பெரியம்மாவ ரொம்ப மோசமா போட்டிருக்காமே? மாடிப்படிக்குக் கீழ படுக்க வைக்கிறாளாமே?"

இங்கிலீஷ்ல ஆன்ட்டின்னு ஒரே வார்த்தை. அத்தை, சித்தி, மாமி, பெரியம்மா எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும். யாருக்கும் குத்தாது. ஆனா பெட்டூனியா, ஹாரியோட அம்மாவுக்கு அக்கா. முறை வச்சுப் பார்த்தா பெரியம்மாதான். அந்த வீட்டுல அந்த வார்த்தைக்கு இருக்கற கனம் வேற எங்கேயும் இருக்காது. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. அந்தப் பொண்ணுதான் சொன்னா, "அது வேற பெரியம்மா, பெரியம்மா. அவங்க பேசவே மாட்டாங்க. நீங்க திட்டிட்டுச் சோறு போடுவீங்க."

பெரியம்மா சிரிச்சுட்டாங்க. சரி, உனக்கு எந்த இடம் பிடிச்சுதுன்னு கேட்டேன். கண்ணாடின்னா. ஹாரி ராத்திரி ராத்திரி போய், செத்துப்போன அப்பா அம்மாவைப் பார்ப்பானே, அந்த மாயக்கண்ணாடி. மூணாவது ராத்திரி டம்பிள்டோர் வந்து, இதை வேற இடத்துக்கு மாத்தப்போறேன், தேடாதேன்னு சொல்லிடுவார். பெரியவங்க எல்லாருக்கும் பிடிச்ச இடம் அது. கனவுலயே உக்காந்து வாழ்க்கையை விட்டுடக் கூடாதுங்கற புத்திமதி இருக்கே.

இவ சொன்னது: "அந்தத் தாத்தா அதை எடுத்திருக்கக் கூடாது மாமா. மூணு ராத்திரி பத்தாது."

பெரியம்மா ஒண்ணும் சொல்லலை. நானும் ஒண்ணும் சொல்லலை. தாத்தா சொன்னதுதான் சரின்னு அவகிட்ட வாதாட எனக்கு வாய் வரலை. இன்னிக்கும் வராது.

ஹாஸ்டல் பத்தியும் கேட்டேன். எதிர்வீட்டுப் பையனுக்குப் புரியாதது இவளுக்குப் பளிச்சுனு புரிஞ்சிருக்கு. "அங்க அவனை எல்லாருக்கும் பேர் சொன்னாலே தெரியுதுல்ல. இங்க யாருக்குத் தெரியும்?"

மாயாஜாலக் கதைன்னா மந்திரம் எப்படியிருக்கு, ராட்சசன் எப்படியிருக்குன்னுதான் நாம பேசறோம். அம்புலிமாமா படிச்ச ஊருக்கு மந்திரம் ஒண்ணும் புதுசில்லை. என்கிட்ட புத்தகம் வாங்கிப் போனவங்கள்ல யாருமே மந்திரம் நல்லாருக்கு, நல்லாயில்லைன்னு பேசலை. வீட்டைப் பத்தித்தான் பேசினாங்க. விட்டுட்டுப் போக மனசு வராத வீடு இருக்கற பிள்ளைக்கு இது ஒரு கதை, மாடிப்படிக்குக் கீழ என்ன இருக்கும்னு தெரிஞ்ச பிள்ளைக்கு வேற கதை. புத்தகம் நல்லாருக்கா இல்லையாங்கறதெல்லாம் அதுக்கப்புறம்தான்.

ரெண்டாம் பாகம் கேட்டிருக்கா. தமிழ்லதான் வேணுமாம். அடுத்த தடவை திண்டிவனம் போறப்ப எடுத்துட்டுப் போகணும். பெரியம்மா தனியா ஒரு தகவல் சொல்லி அனுப்பியிருக்காங்க: "அதுலயாவது அந்தப் பெரியம்மா திருந்தறாளான்னு முதல்லயே பாத்துட்டுக் குடுக்கச் சொல்லு." ரெண்டாம் பாகத்துல அந்தப் பையன் ஜன்னலுக்குக் கம்பி போட்டுப் பூட்டறாங்கன்னு நான் எப்படிச் சொல்வேன்?

நீங்க முதல் பாகத்தை எந்த வயசுல, எந்த வீட்டுல உக்காந்து படிச்சீங்க? அப்ப எந்த இடம் பிடிச்சுது? சொல்லுங்க. "சூப்பர்"ன்னு மட்டும் சொன்னா இங்கயும் செல்லாது :-)