திங்கட்கிழமைத் துணிக்கொடி

லங்காஸ்டர் போகப்போவதாக யாராவது சொன்னால், "எந்தக் கிழமை?" என்றுதான் முதலில் கேட்பேன். எங்கே தங்குகிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. முதல் முறை இரண்டிலுமே நாங்கள் தவறினோம்.

நியூஜெர்சியின் எடிசனில் இருக்கும் எங்களுக்கு பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டி இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் நயாகராவும் வாஷிங்டனும் காட்டி முடித்தபின் இங்கே அழைத்துப் போவோம். 1693வாக்கில் யாக்கோப் அம்மான் என்பவரின் பின்னால் சுவிட்சர்லாந்துப் பக்கம் தனியாகப் பிரிந்த கிறித்தவர்களின் வழிவந்தவர்கள் ஆமிஷ் மக்கள். அவர் பெயராலேயே அறியப்படுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த மண்ணுக்கு வந்து, இன்றும் கோவேறு கழுதை பூட்டி உழுகிறார்கள். காரைச் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை. ஊர் மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு இணைப்பு எடுப்பதில்லை. வீட்டுக்குள் பேசுவது பழைய ஜெர்மன் வழக்கு ஒன்று.

முதல் முறை போனது ஒரு ஜூலை மாதம், வெள்ளி இரவும் சனி இரவும். 30ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய கேம்ப்கிரவுண்ட். நீச்சல் குளம், சறுக்கு, எகிறிக் குதிக்கக் காற்றடைத்த மெத்தை என்று பிள்ளைகளுக்கு எல்லாமும் இருந்தது. ஆமிஷ் மக்களை மட்டும் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். சாம்பல் நிறக் குதிரை வண்டி ஒன்று சாலையோரமாகப் போக, அதன் பின்னால் பதினைந்து கார்கள் ஊர்ந்தன. அதில் எங்களுடையதும் ஒன்று. வண்டிக்குள் இருந்த சிறுவன் எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அன்றாடம் இத்தனை கார்கள் முதுகுக்குப் பின்னால் வந்தால் நானும் திரும்ப மாட்டேன்.

அந்தப் பயணத்தில் ஓர் இரவுதான் என் மாமியாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. கேபினுக்குள் கழிவறை இல்லை. பொதுக் குளியலறைக்கு இருட்டில் சரளைக்கல் பாதையில் இருநூறு அடி நடக்க வேண்டும். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நான் கூடவே போனேன். "பரவால்லம்மா, காத்து நல்லா இருக்கு" என்றார் அத்தை. அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதிலிருந்து, பதிவு செய்யும் முன் நேராகப் போன் போட்டுப் பேசிவிடுவேன். கேபின் என்ற ஒரே பெயருக்குள் பல வகை உண்டு. சில வெறும் மர அறைகள்: அடுக்குக் கட்டில், மெத்தை, ஒரு விளக்கு, வாசலில் நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம். விரிப்பும் போர்வையும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் உள்ளேயே குளியலறையும் சின்ன அடுப்படியும் கிடைக்கும். பெரியவர்கள் கூட வந்தால் இந்தக் காசில் கை இறுக்கக் கூடாது. படுக்கை பரண்மேல் ஏணி வைத்து ஏறுவதா, தரையோடு இருப்பதா என்றும் கேட்டுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி ஒன்று உண்டு: "கேபினுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?" சாலையா, அடுத்த கேபினா, வயலா? வயல் என்று பதில் வந்தால், நீச்சல் குளம் இல்லை என்றாலும் நான் சரி சொல்லிவிடுவேன்.

விறகை வீட்டிலிருந்து ஏற்றிப்போகாதீர்கள், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். புள்ளிப்போட்ட இறக்கையோடு திராட்சைக் கொடிகளை உறிஞ்சும் தத்துப்பூச்சி ஒன்று அமெரிக்காவில் 2014இல் பக்கத்துக் கவுண்டியான பெர்க்ஸில்தான் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. மரக்கட்டையில் ஒட்டிய முட்டைகளோடு அது ஊர்விட்டு ஊர் போகிறது. புல்லில் புரண்ட பிள்ளைகளின் காது மடலுக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று இரவில் பார்த்துவிட வேண்டும். உண்ணி கடித்து வரும் லைம் நோய் அங்கே அரிய விஷயமல்ல. வசந்த காலத்தில் எரு வாடை ஊரையே மூடும். அதற்கு மூக்கைப் பிடிப்பவர்கள் வேறு பருவம் பார்த்துக்கொள்வது நல்லது. அந்த நிலத்தின் செழிப்பே அந்த எருதான்.

பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். 1832இல் சாசனம் பெற்ற ஸ்ட்ராஸ்பர்க் ரயில்பாதையில் இன்னும் நீராவி எஞ்சின் வயல்களின் நடுவே ஓடுகிறது. ஒருமுறை ஏறினால் போதும், ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். ரயில்பித்துள்ள பையன் இருந்தால், பழைய சரக்கு ரயில்களின் கடைசிப் பெட்டிகளையே அறைகளாக்கிய விடுதியும் அருகில் இருக்கிறது. என் மகன் இரண்டு நாளும் எஞ்சின் சத்தம் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் முறை ஒரு ஆகஸ்டில் சனிக்கிழமை போய்ச் செவ்வாய் திரும்பினோம். ஞாயிறன்று ஆமிஷ் கடைகள் அத்தனையும் மூடியிருக்கும் என்பதால் பலரும் அந்த நாளைத் தவிர்ப்பார்கள். என் கணக்கு வேறு. ஞாயிறு மதியத்துக்குள் வார இறுதிக் கூட்டம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடும். அந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன்பே எங்கள் கேபினுக்குப் பின்புறச் சாலையில் குளம்புச் சத்தம் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாகச் சாம்பல் நிற வண்டிகள். அவர்களுக்குத் தேவாலயக் கட்டடம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். பெஞ்சுகளை ஏற்றிய தனி வண்டி ஒன்று வீடு வீடாக முறைவைத்துப் போகும். முகம் தெரியப் படமெடுப்பதை அவர்கள் விரும்புவதில்லை என்று மகளிடம் முன்பே சொல்லியிருந்தேன். போனை உள்ளே வைத்துவிட்டு வேலியோரம் நின்று வண்டிகளை எண்ணினாள். பதினாலு.

அன்று இரவு வயலுக்கு அப்பால் இருந்த வீட்டில் ஒரே ஒரு வெளிச்சம் அறைவிட்டு அறை நகர்ந்து அணைந்தது. அதன்பின் மின்மினிகள்தான்.

திங்கட்கிழமை விடிந்ததும் அந்த வீட்டிலிருந்து சின்ன எஞ்சின் ஒன்று படபடத்தது. துணி துவைக்கும் எந்திரம். திங்கள்தான் அங்கே துவைக்கும் நாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுத் திண்ணையிலிருந்து களஞ்சியத்தின் உச்சி வரை துணிக்கொடி நீண்டது. கயிறு இருபுறமும் ராட்டினத்தில் ஓடியது. திண்ணையில் நின்றபடியே ஒரு பெண் துணியை மாட்டி மாட்டி இழுக்க, கயிறு மேலே ஏறிக்கொண்டே போனது. கறுப்புக் கால்சட்டைகள், பெரிதிலிருந்து சிறிதாக. பிறகு ஊதா, நீலம், பச்சையில் பூவோ கோடோ இல்லாத கவுன்கள், அவையும் அளவு வாரியாக.

அத்தை காபி டம்ளரோடு கேபின் வாசல் படியில் உட்கார்ந்து கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"ஆம்பளப் புள்ளைங்க நாலு. பொண்ணுங்க மூணு," என்றார். கடைசியாக வெள்ளைத் துணிச் சதுரங்கள் வரிசையாக ஏறின. "இல்ல, எட்டு. கைக்குழந்தை ஒண்ணு இருக்கு."

"எப்படி அப்பாயி தெரியும்?" என்று என் மகள் அவர் தோளில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பெண் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். அத்தை கையைத் தூக்கினார். அவளும் தூக்கினாள். பிறகு கயிற்றைக் கடைசியாக ஓர் இழுப்பு இழுத்தாள். வயல் தாண்டி எங்கள் படி வரைக்கும் ராட்டினம் கிறீச்சிட்டது.

"எண்ணெய் விடணும் அதுக்கு," என்றார் அத்தை.