ஒரு வரித் திருத்தமும் ஒரு சாட்சியும்

ரமளான் மாலை. கோவில்பட்டி வீட்டில் நோன்புக் கஞ்சி இறக்கியாயிற்று. சென்னையிலிருந்து தம்பி மகன் அழைத்தான். "பெரியத்தா, சின்னத் திருத்தம்தான். பார்த்துவிட்டுச் சரி என்று போட்டுவிடுங்கள்" என்றான். நாமும் நிரல் எழுதிப் பிழைப்பவர்தாம். அவன் குழுவின் திருத்தங்களைப் பரிசீலிப்பது நம் பொறுப்பு.

கணினியின் செயலி ஏவிஎக்ஸ் என்னும் விரைவுக் கட்டளைகளுக்கு ஏற்றதா என்று சோதிக்கும் நிரல் அது. 2011இல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் செயலிகளோடு வந்தவை அக்கட்டளைகள். பழைய நிரல் செயலியிடம் மட்டுமே கேட்டது. 'உண்டு' என்றதும் நம்பியது. ஆனால் இயங்குதளமும் அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். விண்டோஸ் 7கூட முதல் சர்வீஸ் பேக் வந்த பிறகே இடம் கொடுத்தது. கரிசல் சம்சாரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விதை நல்லதாயினும் மண்ணில் ஈரமில்லாமல் முளைக்காது.

அந்த இரண்டாம் கேள்வியை அவன் சேர்த்திருந்தான். இயங்குதளத்தின் பதிலில் இரண்டு பிட்டுகள் முக்கியம்: பழைய எஸ்எஸ்இ பதிவகங்களுக்கு உரியதன் மதிப்பு 2, ஏவிஎக்ஸ் பதிவகங்களுக்கு உரியதன் மதிப்பு 4. இரண்டும் இருந்தால் 6. அவனோ, பூச்சியம் அல்லாத எதுவும் சரியே என்று எழுதியிருந்தான். 2 மட்டும் வந்தாலும் கதவு திறந்துவிடும். நிரல் பாதியில் முறிந்து விழும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். முதல் வாசிப்பில் இது நம் கண்ணில் படவில்லை. சோதனைகள் யாவும் தேறியிருந்தன, பாங்கு நெருங்கிக்கொண்டிருந்தது, பிள்ளையோ நம் பிள்ளை. ஒப்புதல் பொத்தானை அழுத்தப்போகையில், 'பரிசீலித்தவர்' என்ற சொல்லருகே நம் பெயரைக் கண்டோம். அது சாட்சியமல்லவா? உறவினருக்கு எதிரானதாயினும் நீதியாகச் சாட்சி சொல்லுமாறு சூரா அந்நிஸா பணிக்கிறதே! மீண்டும் முதலிலிருந்து வாசித்தோம்.

"என் கணினியில் ஓடுகிறதே, பெரியத்தா!"

"உன் கணினியில் இரண்டும் இருக்கின்றன, தம்பி. இல்லாதவர் கணினியில் என்ன ஆகும்?"

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "ஆறேதானா என்று கேட்க வேண்டும், இல்லையா?" என்றான். தராவீஹ் முடிந்து வந்து பார்த்தபோது திருத்தம் சரியாக இருந்தது. மன நிறைவோடு ஒப்புதல் அளித்தோம்.

முகமறியாத ஒருவரின் பழைய கணினி முறியாமல் ஓடுவதும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. அவசரத்தில் சொல்லும் 'சரி'களிலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக.