சமனிலியும் மூன்றாந் தடவையும்

சமன்பாட்டை விரும்பும் மாணவர் பலர் உளர். சமனிலியை விரும்புவோர் அரியர். சமன்பாட்டின் விடை ஓர் எண், அல்லது இரண்டு மூன்று எண்கள். கண்டவுடன் அடியிற் கோடிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். சமனிலியோ எண்கோட்டின் ஒரு துண்டையோ பல துண்டுகளையோ விடையாகக் கேட்கின்றது. அத்துண்டு எங்கே தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது, முனையில் நிற்கும் எண் உள்ளே சேருமா, வெளியே நிற்குமா என்பன யாவும் சொல்லப்படல் வேண்டும்.

வடமராட்சிக் கரையோரக் கிராமமொன்றிலே, க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு மூன்றாந் தடவையாக ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த இளைஞன் ஒருவனுக்கு இந்தச் சமனிலியே பெரும் பகையாயிருந்தது. மூன்றாந் தடவை என்றால் என்னவென்று இந்நாட்டு மாணவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகளே உண்டு, நான்காவது இல்லை. முதற்றடவை இணைந்த கணிதத்தில் அவன் சித்தியெய்தவில்லை. இரண்டாந் தடவை சாதாரண சித்தி கிடைத்தது. கிடைத்த இசெட் புள்ளியோ எந்தப் பீடத்துக்கும் போதவில்லை. தந்தை கடற்றொழிலாளி. கொழும்பிலே இரும்புக்கடை நடத்தும் மாமன், "இனியும் ஏன் பெடியனை வைச்சிருக்கிறியள்? இஞ்சை அனுப்புங்கோ" என்று இருமுறை தொலைபேசியிற் சொல்லிவிட்டார். தாய் இரண்டுமுறையும் "சோதினை முடியட்டும் அண்ணை" என்று மட்டுஞ் சொன்னாள்.

அவன் மந்தன் அல்லன். வகையீடு, தொகையீடு போன்றவற்றில் அவனுடைய கை வேகமாகவே ஓடும். சமனிலி வந்தாலும் அதே வேகத்தில் ஓடும். பிழை அங்கேதான் நேர்ந்தது.

ஊரிலே இளைப்பாறிய கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஊரார் அவரை மாஸ்ரர் என்பர். மாலை வேளைகளில் தம் வீட்டு விறாந்தையில் நாலைந்து பிள்ளைகளுக்குப் பணம் வாங்காமற் பாடஞ் சொல்லிக்கொடுப்பார். அவன் அங்கு முதன்முதலாகப் போன அன்று, அறியாக் கணியத்தை 'ய' எனக் கொண்டு அவர் ஒரு கணக்கைக் கொடுத்தார்: ய³ < 4ய.

அவன் இருபுறத்தையும் ய ஆல் வகுத்தான். ய² < 4 என வந்தது. ஆகவே −2 < ய < 2 என மூன்றாவது வரியிலே முடித்துவிட்டு நிமிர்ந்தான். மாஸ்ரர் சரி என்றுஞ் சொல்லவில்லை, பிழை என்றுஞ் சொல்லவில்லை.

"தம்பி, −1 ஐப் போட்டுப் பாரும்."

இடப்பக்கம் −1; வலப்பக்கம் −4. முன்னது பின்னதிலுஞ் சிறியதன்று. அவனுடைய விடைக்குள்ளே −1 இருந்தது.

"இனி −3 ஐப் போடும்."

−27, −12 இலுஞ் சிறியது. சமனிலி உண்மையாகின்றது. ஆனால் −3 அவனுடைய விடைக்கு வெளியே நின்றது.

"மறையெண்ணால வகுத்தாச் சமனிலிக்குறி திரும்பும் எண்டு தெரியுமோ?"

"தெரியும் சேர்."

"பிறகேன் திருப்பாமல் வகுத்தனீர்?"

"அதில மறைக்குறி இல்லையே சேர்."

இந்த மறுமொழியை எளிதிற் கடந்துபோதல் தகாது. சமனிலியிற் புள்ளியிழக்கும் மாணவருள் மிகப் பலருக்கு விதி தெரியாமலில்லை. −2 என்னும் எண் தன் குறியை முன்னே தாங்கி நிற்கின்றது. ஆதலால் மாணவன் விழிப்படைகின்றான். 'ய' என்னும் எழுத்தின் முன்னே யாதுமில்லை. யாதுமில்லாதது நேரானது எனக் கண் தானாகவே முடிவுகட்டிவிடுகின்றது. அதே எழுத்து −3 ஆகவும் இருக்கலாம், பூச்சியமாகவும் இருக்கலாம் என்பது கைக்கு எட்டுவதற்குள் வகுத்தல் முடிந்துவிடும். சமன்பாட்டிலும் இவ்வாறு வகுப்பதனாற் கேடுண்டு; ய³ = 4ய என்பதை ய ஆல் வகுப்பவன் பூச்சியம் என்னும் மூலத்தைத் தொலைக்கின்றான். எனினும் அங்கே தொலைவது ஒன்றே; எஞ்சிய இரண்டும் சரியாகவே இருக்கும். சமனிலியிலோ பொய் உள்ளே வருகின்றது, மெய் வெளியே போகின்றது, நடுவிலே 0 முதல் 2 வரையுள்ள துண்டு மாத்திரம் தற்செயலாகச் சரியாக நிற்கின்றது. பாதி சரியான விடையே மாணவனை நெடுநாள் ஏமாற்றுவது.

இவ்விரு குறிகளுக்கும் வயதும் ஒன்றன்று. சமன் என்பதைக் காட்டும் இணைகோடுகளை இறொபேட் இறெக்கோட் 1557 இல் அச்சிலேற்றினார். பெரிது, சிறிது என்பவற்றுக்கான குறிகள், தோமசு ஹரியற் 1621 இல் இறந்து பத்தாண்டுகளின் பின் 1631 இல் வெளியான அவரது நூலிலேதான் அச்சிலே தோன்றின. சமத்தைக் குறித்தோர் சமமின்மையைக் குறிக்க மேலும் எழுபத்து நான்கு ஆண்டுகள் சென்றன. பரீட்சைக்கு இது வேண்டியதன்று என்பதும் உண்மையே.

மாஸ்ரர் காட்டிய வழி புதியதொன்றன்று. எல்லாப் பாடநூல்களிலும் உள்ளது. யாவற்றையும் ஒரு பக்கத்துக்குக் கொண்டுவருதல், காரணிப்படுத்தல்: ய(ய − 2)(ய + 2) < 0. மூலங்கள் −2, 0, 2. அவை எண்கோட்டை நான்காக வெட்டுகின்றன. ஒவ்வோர் ஆயிடையிலும் பல்லுறுப்பிக்கு ஒரே குறிதான் இருக்க முடியும். ஏனெனிற் பல்லுறுப்பியின் வரைபு அறுபடாதது. நேரிலிருந்து மறைக்குச் செல்ல வேண்டுமாயின் அது பூச்சியத்தைக் கடந்தே ஆகவேண்டும். கண்ணுக்கு வெளிப்படையான இவ்வுண்மைக்கும் நிறுவல் வேண்டும் என்று கருதி 1817 இல் அதனை நிறுவ முனைந்தவர் போல்சானோ. ஆகவே ஓர் ஆயிடையிலிருந்து ஓர் எண்ணை எடுத்துச் சோதித்தாற் போதும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே முற்றும் பொருந்தும்.

"ஆனா நாலு பானை இருக்குது தம்பி. ஒண்டில பதம் பாத்துப்போட்டு நாலையும் இறக்கப்படாது" என்றார் மாஸ்ரர்.

நான்கிலும் பதம் பார்த்தபோது ய < −2 அல்லது 0 < ய < 2 என்னும் விடை வந்தது.

பட்டணத்து ரியூட்டரியில் அவனுக்கு ஒரு குறுக்குவழி கற்பிக்கப்பட்டிருந்தது. மூலங்களைக் கோட்டிற் குறி. வலக்கோடியில் நேர்க்குறி இடு. பின் இடப்புறமாக மறை, நேர், மறை என மாறிமாறி இட்டுச் செல். அவ்வழியைப் பழித்துப் பயனில்லை. முதலாவது வினாத்தாளின் மொத்தப் புள்ளிகள் 1000. நேரம் மூன்று மணித்தியாலம். பகுதி அ இல் ஒரு வினாவுக்கு 25 புள்ளிகள். கணக்குப் பார்த்தால் ஒரு வினாவுக்கு நான்கரை நிமிடமே கிடைக்கும். நான்கரை நிமிடத்திலே நான்கு பானையிலும் பதம் பார் என்பது சொல்வதற்கு எளிது. ஆயினும் அக்குறுக்குவழி எங்கே செல்லாது என்பதையும் உடன் சொல்லியிருந்தால் அவனுக்கு ஓராண்டு மிஞ்சியிருக்கலாம்.

மாஸ்ரர் அடுத்த நாட் கொடுத்த கணக்கு (ய − 1)²(ய − 4) ≥ 0. அவன் குறுக்குவழியே சென்று, ய ≤ 1 அல்லது ய ≥ 4 என்றான். பூச்சியத்தைப் பிரதியிடச் சொன்னார். −4 வந்தது. பின் வரைபை வரையச் சொன்னார். கீழேயிருந்து ஏறி வந்த வளையி 1 இலே அச்சைத் தொட்டது. ஆனால் மேலே போகவில்லை. தொட்ட இடத்திலேயே திரும்பிக் கீழிறங்கி, மறுபடி 4 இலேதான் கடந்து மேலெழுந்தது. இரட்டை மூலத்திலே குறி மாறுவதில்லை. ஆகவே விடை ய ≥ 4; அதனுடன் ய = 1. துண்டுகளோடு ஒட்டாமல் ஓர் எண் தனியே நின்றது. விடை எனப்படுவது இப்படியும் இருக்குமா என்று அவன் அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னர் ஒரு கிழமை அவன் வரவில்லை. பரீட்சை நெருங்கியிருந்தது, மற்றைய பிள்ளைகள் பத்துக் கணக்குச் செய்யும் நேரத்திலே தான் ஒன்றைச் செய்துகொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றிற்று. இதனை யாரும் குறைகூற முடியாது. மூன்றாந் தடவை எழுதுபவனுக்கு ஆறுதலாகப் படிப்பது அச்சந் தரும் செயல். தாய் அவனை வற்புறுத்தவில்லை, மாஸ்ரரும் ஆளனுப்பவில்லை.

எட்டாம் நாள் பழைய பயிற்சிக் கொப்பிகள் மூன்றுடன் வந்தான். அவ்வாரம் முழுவதும் அவன் புதுக் கணக்கு எதையும் செய்யவில்லை. தன் பழைய பிழைகளையே தேடியிருந்தான். சமனிலிகளில் அவை கிடைத்தது வியப்பன்று. நிலையியற் கணக்குகளிலும் அதே பிழை இருந்தது. கரடான தளத்தில் ஒரு பொருள் ஓய்விலிருக்கும்போதெல்லாம், உராய்வு விசை உராய்வுக் குணகத்தையும் செவ்வன் மறுதாக்கத்தையும் பெருக்கிய தொகைக்குச் சமன் என்று எழுதியிருந்தான். அச்சமம் பொருள் வழுக்கும் தறுவாயில், எல்லைச் சமநிலையில் மாத்திரமே உண்மை. மற்றை வேளைகளில் உராய்வு அத்தொகையை விஞ்சாது என்பதே மெய். சமனிலி நிற்க வேண்டிய இடத்திலே சமன்குறியை இட்டு, இரண்டு ஆண்டுகள் பிரயோக கணிதத்திலும் புள்ளிகளை இழந்திருந்தான்.

மாஸ்ரர் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை சேர்."

அன்று அவர் தேநீருடன் பனங்கட்டியும் கொடுத்தார் என்பர்.

பரீட்சையன்று பின்னேரம், வீட்டுக்குப் போகாமல் நேரே மாஸ்ரரின் படலைக்கு வந்து சைக்கிளை நிறுத்தினான். பகுதி அ இன் விடைகளை வினாத்தாளிலேயே எழுதி ஒப்படைக்க வேண்டியிருப்பதால் அதனைக் கொண்டுவர முடியவில்லை.

"சமனிலி வந்ததோ?"

"வந்தது சேர். கீழ பகுதியில ய இருந்தது."

"என்ன செய்தனீர்?"

"பெருக்கேல்லை."

முற்றத்து மணலிற் கிடந்த ஈர்க்கொன்றை எடுத்துக் குந்தியிருந்து ஒரு கோடு கீறினான். அதன்மேல் மூலங்களைக் குறித்தான். பகுதி பூச்சியமாகும் இடத்திலே திறந்த வட்டமொன்றை இட்டான். பெறுபேறுகள் வெளிவர இன்னும் மாதங்கள் இருந்தன. மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்துவிட்டு, ஒவ்வோர் ஆயிடையாகச் சோதிக்கத் தொடங்கினார்.