மண்வெட்டியும் குண்டும்

சமாதானப் பத்திரத்தில் கையொப்பமிட்டதும் யுத்தம் ஒழிந்ததென நாம் எண்ணிவிடுகின்றோம். லாவோஸ் தேசத்துக் குடியானவன் அவ்வாறு எண்ணான். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அவனது நாட்டின்மீது 20 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. அவற்றுட் பலவற்றில் அடைத்திருந்த சிறு குண்டுகள் மட்டும் 27 கோடிக்கு மேல். நூற்றுக்கு 30 வரை வெடியாமல் மண்ணில் தங்கின. உருண்டு சிறுத்த அவற்றைப் பந்தென்றெடுத்து மாண்ட குழந்தைகளிற் பலர், யுத்தம் முடிந்து பல்லாண்டு கழித்துப் பிறந்தவர்கள்! அவர்கள் யாருக்குப் பகைவர்? இன்று அந்நாட்டுக் கிராமப் பெண்களும் உலோகங்காட்டும் கருவியேந்தி, அடியடியாய் நிலத்தைச் சோதித்து, அகப்பட்டதை அங்கேயே வெடிக்கச் செய்து அழிக்கின்றனர். எறிய ஒரு கணம் போதும். எடுக்கத் தலைமுறைகள் வேண்டும். தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த நாம் அறிவோம்: அஞ்சாது கொத்தக்கூடிய நிலமே சமாதானம்.