குன்னூரில் ஒரு வெள்ளை டீ

என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர், "சுகர் பார்டர்ல நிக்குதே!" என்றார். எந்த நிமிஷமும் எல்லையில் சண்டை மூளலாம் என்கிற முகபாவம். விஷயம் கேள்விப்பட்ட நண்பன், "வெள்ளை டீ குடிடா. சுகர், தொப்பை, கான்சர் எல்லாம் ஓடிடும்" என்றான். (அவனே தினம் மூணு மாத்திரை போடுகிறவன்!)

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் பிடித்தேன். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்து நடுவில் உள்ள பல் வைத்த பட்டையைக் கடித்துக்கொண்டு, இன்ஜின் பின்னாலிருந்து நம்மைத் தள்ளுகிறது. குன்னூர் 1,850 மீட்டர் உயரம். ஊரைத் தாண்டி ஒரு சின்ன டீ ஃபாக்டரி.

"செடி ஒண்ணுதான் ஸார்" என்றார் டீ மேக்கர். "இலை விரியறதுக்கு முன்னாடி மொட்டை மட்டும் கிள்ளணும். மேல பூனைமுடி மாதிரி வெள்ளையா இருக்கு பாருங்க, அதான் பேரு."

நாம் கடையில் குடிக்கிற டீக்கு இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிறார்கள். சி.டி.சி. என்பது அதுதான். சாறு காற்றுப்பட்டுக் கறுக்கிறது. வெள்ளை டீக்கு அந்த அடிதடி இல்லை. வாடவிட்டு, உலர்த்தினால் தீர்ந்தது வேலை.

கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றிக் கொடுத்தார். முதல் வாய், டம்ளர் கழுவின தண்ணீர். இரண்டாவதில் லேசாகத் தேன் வாசனை. மூன்றாவதில் டம்ளர் காலி.

"சுகர் இறங்குமா?"

சிரித்தார். "லேப்ல நல்ல சத்து இருக்குன்னு சொல்றாங்க. வியாதி தீரும்னு மனுஷங்ககிட்ட நிரூபிக்கலை ஸார். காஃபின்கூட மொட்டுல நிறையவே இருக்கு. டாக்டர் சொல்றதைக் கேளுங்க." (சொந்தச் சரக்கின் விற்பனையைத் தானே கெடுக்கும் ஆளை பி.காம். பாடத்தில் நான் படித்ததில்லை.) "ஆனா ஒண்ணு. இதுல யாரும் சர்க்கரை போடமாட்டாங்க."

சுருக்கென்றது. அங்கேயே கணக்குப் போட்டேன். தினம் ஆறு டீ, டீக்கு 2 ஸ்பூன், ஸ்பூனுக்கு 4 கிராம். நாளைக்கு 48 கிராம். மாசத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ! பற்று எழுதாமலே பத்து வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

வெளியே சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "நீங்க வெள்ளை டீ குடிப்பீங்களாம்மா?" என்றேன்.

"அது விக்கிறதுக்குத் தம்பி. எங்களுக்கு டஸ்ட் டீதான்."

50 கிராம் வாங்கினேன். 500 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பொட்டலம் பிரிகிறது.

மற்ற நாளெல்லாம் தெருமுனைக் கடைதான். முதல் நாள், "அண்ணே, சக்கரை இல்லாம ஒரு டீ" என்றதும் ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"வீட்ல யாருக்காவது ஏதாச்சுமா தம்பி?"